சூப்பர் கம்ப்யூட்டர் யார் வீட்டுக் கிணறு?

ஆதம்பாக்கத்தை நடுவில் வைத்து ஆறு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். ஐஐடி மதராஸ், தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், 'பரம்' வரிசை சூப்பர் கம்ப்யூட்டர்களைக் கட்டும் சி-டாக்கின் சென்னை மையம் ஆகிய மூன்றும் அதற்குள் வந்துவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும் அதே வட்டத்துக்குள்தான் இருக்கிறது. முதல் மூன்றும் ஒன்றிய அரசின் பணத்தில் ஓடுபவை. நான்காவது மாநிலப் பல்கலைக்கழகம். 2024-ல் வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியபோது சம்பளம் போடவே திண்டாடியது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அதில் சாதிக்கும் பங்கு உண்டு.

சூப்பர் கம்ப்யூட்டர் என்பது ஒற்றை ராட்சதப் பெட்டி அல்ல. நூற்றுக்கணக்கான சர்வர்களை அதிவேக வலைப்பின்னலில் கோத்து, ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்யவைக்கும் ஏற்பாடு. தரமணியில் 'கப்ரு' என்ற தொகுப்பு 2004-லேயே உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலில் இடம்பிடித்தது. பிறகு ஐஐடியில் 'விர்கோ' வந்தது. புயல் எங்கே கரையைக் கடக்கும், ஒரு மருந்து மூலக்கூறு புரதத்தில் எப்படி ஒட்டும், பேட்டரிக்குள் அயனிகள் எப்படி நகரும் என்பதையெல்லாம் இப்படிப்பட்ட தொகுப்புகளில்தான் கணக்கிடுகிறார்கள்.

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரதங்களின் அசைவைக் கணினியில் ஆராயும் மாணவி. எங்கள் துறையில் இருக்கும் ஒரே ஒர்க்ஸ்டேஷனுக்கு ஏழு பேர் வரிசையில் நிற்கிறோம். பெரிய தொகுப்பில் இரண்டு நாளில் முடியும் கணக்கு எங்களிடம் இரண்டு மாதம் ஓடுகிறது. "இது நம்மகிட்ட ஓடாதும்மா, சின்னப் புரதமா பாரு" என்பார் என் வழிகாட்டி. எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதையே இயந்திரம் முடிவு செய்துவிடுகிறது. ஒரு மத்திய நிறுவனத்தில் கணினி நேரம் கேட்டு எழுதினோம். "உள்ளே யாராவது பேராசிரியரோடு கூட்டாய்வு செய்கிறீர்களா?" என்று பதில் வந்தது. அதாவது, உள்ளே ஆள் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் இல்லாமல் இல்லை. 2015-ல் ஒன்றிய அரசு தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. ஏழு ஆண்டுகளில் 4,500 கோடி ரூபாயில் 70-க்கும் மேற்பட்ட கணினி மையங்களை அமைத்து, அவற்றைத் தேசிய அறிவு வலைப்பின்னலில் இணைப்பது என்பது திட்டம். 2019-ல் வாரணாசி ஐஐடியில் 'பரம் சிவாய்', 2022-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 'பரம் பிரவேகா', அதே ஆண்டு மே மாதம் திருச்சி என்ஐடியில் 838 டெராஃபிளாப் திறனுள்ள 'பரம் பொருள்'. 2024 செப்டம்பரில் 130 கோடி ரூபாயில் மூன்று 'பரம் ருத்ரா'. இயந்திரங்கள் பெரும்பாலும் ஒன்றிய அரசின் நிறுவனங்களுக்கே போய்ச் சேர்ந்தன. திருச்சி இயந்திரத்துக்குப் பெயர் நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பொருள் யார் கைக்குப் போகிறது என்பதுதான் நம் கேள்வி.

"இதில் சாதி எங்கே வந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. வாசலில் யாரும் சாதி கேட்பதில்லை, நிறுவனத்தின் பெயரைத்தான் கேட்கிறார்கள். ஆனால் எந்த நிறுவனத்துக்குள் யார் இருக்கிறார்கள்? 69% இடஒதுக்கீடு நடக்கும் தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் படிப்பவர்கள் பிற்படுத்தப்பட்ட, தலித், பழங்குடிப் பிள்ளைகள். ஐஐடிகளிலோ 2015 முதல் 2019 வரை முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்களில் பட்டியல் சாதியினர் 9.1%, பழங்குடியினர் 2.1%. நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு இது. சட்டப்படி இருக்க வேண்டியது 15%, 7.5%. ஆசிரியர் நியமன இடஒதுக்கீட்டுக்காக 2019-ல் வந்த சட்டமோ சில உயர் ஆய்வு நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. அந்த விலக்குப் பட்டியலில் 'கப்ரு' ஓடிய கணித அறிவியல் நிறுவனமும் இருக்கிறது. இப்படி வடிகட்டிய இடத்தில் இயந்திரத்தை வைத்துவிட்டு, "உள்ளே யாரைத் தெரியும்?" என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு யாரிடம் பதில் இருக்கும்? அப்பாவின் நண்பர், மாமாவின் வகுப்புத் தோழர் என்று தொடர்புகளைப் பரம்பரையாகப் பெற்றவர்களிடம்தான்.

"வெளியாட்களும் விண்ணப்பிக்கலாமே" என்பார்கள். இந்தப் பதில் நமக்குப் புதிதல்ல. 1923-ல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்களைத் தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களுக்கும் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் அதைப் பின்பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. காகிதத்தில் குளம் திறந்துதான் இருந்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய்த் தண்ணீரை அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. அதற்கும் அடி விழுந்தது. விண்ணப்பப் படிவம் இருப்பதாலேயே ஒரு பொதுச்சொத்து பொதுவாகிவிடாது.

"நேரத்தைப் பங்கு வைத்தால் ஆராய்ச்சியின் தரம் குறைந்துவிடும்" என்ற தகுதி வாதமும் உடனே வரும். இவர்களுக்கு அந்த இயந்திரமே பதில் சொல்கிறது. இந்தத் தொகுப்புகளில் யாருடைய கணக்கு முதலில் ஓட வேண்டும் என்பதை ஸ்லர்ம் போன்ற மென்பொருள் முடிவு செய்கிறது. அதில் 'ஃபேர் ஷேர்' என்று ஒரு விதி உண்டு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பங்கு எழுதிவைக்கப்படும். தன் பங்கில் குறைவாகப் பயன்படுத்தியவர் வரிசையில் முன்னால் வருவார், அள்ளிக் குடித்தவர் பின்னால் போவார். இது ஏறக்குறைய வகுப்புவாரி உரிமையின் தர்க்கம்தான். நீதிக்கட்சி ஆட்சி 1921-ல் போட்ட அரசாணையைத் திட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் தினமும் இந்த விதிக்குக் கீழேதான் வேலை செய்கிறார்கள். யாரும் தகுதி செத்துவிட்டது என்று அழுவதில்லை. ஆனால் ஒன்று: பங்குப் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் இந்த நியாயம். பட்டியலை எழுதுவது மென்பொருள் அல்ல, மனிதர்கள்.

இன்னொரு விஷயம். பெரிய கணக்குகள் நூற்றுக்கணக்கான சர்வர்கள் ஒன்றாகக் காலியாகும்வரை காத்திருக்கும். அந்த இடைவெளிகளில் சின்னக் கணக்குகளைச் செருகி ஓட்டும் வசதி அதே மென்பொருளில் இருக்கிறது. சின்னக் கல்லூரிகளை உள்ளே விட்டால் வீணாகும் நேரம்தான் பயன்படும். "அவர்களுக்குப் பயிற்சி இல்லை" என்பதும் நொண்டிச்சாக்கு. தண்ணீரில் இறங்காமல் யார் நீந்தக் கற்றார்கள்?

1980-களில் உயர்திறன் கணினிகளை இந்தியாவுக்குத் தர அமெரிக்கா ஆயிரம் நிபந்தனை போட்டது. அந்த அவமானத்தில்தான் 1988-ல் சி-டாக் பிறந்தது, 1991-ல் 'பரம் 8000' வந்தது. அந்தக் கதையை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். அதே அமெரிக்காவில் இப்போது 'ஆக்சஸ்' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. சின்னக் கல்லூரியின் ஆய்வாளர்கூட ஒரு சுருக்கமான விண்ணப்பத்தில் கட்டணமின்றிக் கணினி நேரம் பெறலாம். இங்கே வெளிநாட்டானின் பூட்டை உடைத்தவர்கள் உள்நாட்டில் பூட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. பொதுப்பணத்தில் வாங்கிய ஒவ்வொரு சூப்பர் கம்ப்யூட்டரிலும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் தனிப் பங்கு எழுதிவைக்கப்பட வேண்டும். உள்ளே ஒரு பேராசிரியரைப் பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனை போக வேண்டும். கட்டணம் கேட்கக் கூடாது. 69 விழுக்காட்டைக் காப்பாற்றியதாகப் பெருமைப்படும் தமிழ்நாட்டு அரசியலும் ஒன்றிய அரசைக் கைகாட்டி ஒதுங்க முடியாது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு கணினி ஆய்வகத்தை மாநில அரசு கட்ட வேண்டும்.

அதுவரை ஒரு வேலை செய்வோம். இந்த மையங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே கேள்வியை அனுப்புவோம்: கடந்த ஓராண்டில் எந்தெந்த நிறுவனத்துக்கு எத்தனை மணி நேரம் கொடுத்தீர்கள்? கணக்குப் பதிவேடு அந்த இயந்திரங்களிலேயே இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய்.