பூங்காவுக்கும் ஒரு கமிட்டி வேண்டும்

போர்ட் பிளேர் நகரின் காந்தி பூங்காவைப் பற்றி அந்தமான் சுற்றுலாத் துறை பெருமையோடு சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ஒரு காலத்தில் நகருக்கும் சுற்று வட்டாரத்துக்கும் குடிநீர் கொடுத்த ஒரே ஆதாரம் டில்தாமன் குளம். அந்தக் குளத்தையும் கரையையும் 13 நாட்களில் பூங்காவாக மாற்றினார்கள் என்பதே அந்தச் செய்தி. 2024 செப்டம்பரில் நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. காந்தி பூங்காவின் 13 நாள் கதை மாறவில்லை.

அந்த வேகம் பாராட்டத்தக்கதே. சர்க்கார் மனம் வைத்து, ஆட்களும் லாரிகளும் வந்துவிட்டால், பாழ் நிலமும் இரண்டு வாரத்தில் பூங்காவாகிவிடும். ரிப்பன் வெட்டி, படமும் எடுத்துக் கொள்ளலாம். ஆனால் 14-ஆம் நாள் காலையில் உதிர்ந்து கிடக்கும் சருகை வாருவது யார்? அடுத்த ஆண்டு ஊஞ்சலின் சங்கிலி அறுந்தால் கவனிப்பது யார்?

பெரிய பூங்கா என்றால் காவலாளி இருப்பார், தோட்டக்காரர் இருப்பார். சுற்றுலாப் பயணிகள் வருவதால் அதிகாரிகளின் கண்ணும் அதன் மேல் இருக்கும். குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல், நாலு சிமெண்ட் பெஞ்சோடு நிற்கும் சின்னப் பூங்காவுக்கு யார் இருக்கிறார்கள்? கூலித் தொழிலாளியின் பிள்ளையும் குமாஸ்தாவின் பிள்ளையும் விளையாடுவது அங்கேதான். அப்படிப்பட்ட ஒவ்வொரு பூங்காவுக்கும் அக்கம்பக்கத்தார் சேர்ந்த ஒரு தொண்டர் குழு வேண்டும். அதில் தமிழர்கள் முன் வரிசையில் நிற்க வேண்டும்.

"நம்ம ஊரா இது?"

இதைச் சொன்னால் பலரிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "நமக்கு எதற்கு வம்பு? பிழைக்க வந்த இடம். நாலு காசு சேர்த்துக் கொண்டு ஊருக்குப் போகிற வழியைப் பார்ப்போம்."

ஐந்து வருஷத்தில் திரும்புவதாகக் கப்பல் ஏறியவர்கள் எத்தனை பேர் திரும்பினார்கள்? மகனுக்கு இங்கேயே உத்தியோகம் ஆயிற்று. மகளுக்கு இங்கேயே கல்யாணம் ஆயிற்று. பேரன் தாத்தாவிடம் தமிழிலும், தெருவில் இந்தியிலும் பேசுகிறான். 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி தீவுகளின் ஜனத்தொகை 3,80,581. அதில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 15 பேர். வங்காளிகளுக்கும் இந்தி பேசுவோருக்கும் அடுத்த பெரிய கூட்டம் நாம்தான். இத்தனை பேரும் வழிப்போக்கர்கள் என்றால் யார் நம்புவார்கள்?

பெங்களூரிலும் பம்பாயிலும் வாழும் தமிழர்கள் கதையும் இதுவே. சொந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பணம் அனுப்புகிறோம். பிள்ளைகள் அன்றாடம் மூச்சு விடும் இடத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற யோசிக்கிறோம்.

விழா நடத்தத் தெரிந்தவர்கள்

நமக்கு இந்த வேலை தெரியாது என்று சொல்லவும் முடியாது. போர்ட் பிளேர் வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் என்றால் எத்தனை பேர் ஓடியாடி உழைக்கிறார்கள்! கோயில் விழா என்றால் யார் பந்தலுக்கு, யார் அன்னதானத்துக்கு, யார் வரிசையை ஒழுங்குபடுத்துவதற்கு என்று பிரித்துக் கொள்வதும், ரசீதுப் புத்தகம் அடித்து வசூல் செய்வதும், கணக்கு எழுதுவதும் தமிழர்களுக்குக் கைவந்த கலை. ஊர் கூடித் தேர் இழுத்த பழக்கம் கடல் தாண்டியும் விட்டுப் போகவில்லை.

ஆனால் தேர் ஒரு நாளில் நிலைக்கு வந்துவிடும். பூங்கா அப்படியன்று. அது தினசரிச் சமையல் மாதிரி. இன்று செய்ததை நாளையும் செய்ய வேண்டும். மாலை, மரியாதை, ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பது எதுவும் கிடையாது. அதனால்தான் பூங்காக் குழுக்கள் தடபுடலாகத் தொடங்கி மூன்றாம் மாதமே கலைந்து விடுகின்றன. விழாக் கமிட்டியின் சுறுசுறுப்போடு தினசரிப் பொறுமையும் சேர்ந்தால்தான் இந்தக் காரியம் நடக்கும்.

கோட்டூர்புரத்தில் நடந்தது

இது நடக்கக் கூடியதா என்று சந்தேகப்படுவோர் சென்னைக்குப் போகும்போது கோட்டூர்புரத்தில் இறங்கிப் பார்க்கலாம். பறக்கும் ரயில் நிலையத்துக்கு அருகே, அடையாற்றங்கரையில் பொதுப்பணித் துறைக்குச் சொந்தமான நிலம் ஒன்று குப்பை மேடாகக் கிடந்தது. 'நிழல்' என்ற தொண்டு அமைப்பும் அக்கம்பக்கத்து மக்களும் 2006-ஆம் ஆண்டில் அதில் வேலையைத் தொடங்கினார்கள். குப்பையை அகற்றி, நம் நாட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்த்தார்கள். இன்று அது மரப்பூங்காவாக நிற்கிறது.

அங்கே நிலம் சர்க்காருடையதாகவே இருந்தது. யாரும் அதைச் சொந்தம் கொண்டாடவில்லை. அனுமதி பெற்று உள்ளே போனார்கள். ஆண்டுக்கணக்கில் விடாமல் வந்தார்கள். கன்று மரமானதற்கு அந்த விடாமுயற்சியே காரணம்.

நகராட்சி வேலையை நாம் செய்வதா?

"வரி கட்டுகிறோம். நகராட்சி செய்ய வேண்டிய வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். தினக்கூலி மஸ்தூராக இருப்பவர் இன்னொன்றும் கேட்கலாம்: "நீங்கள் இலவசமாகச் செய்தால் என் வேலை போகாதா?" இரண்டும் நியாயமான கேள்விகள்.

அமெரிக்காவின் அனுபவம் இதற்கு உதவும். 1970-களில் நியூயார்க் நகராட்சி கடும் பணமுடையில் சிக்கியபோது, உலகப் புகழ் பெற்ற சென்ட்ரல் பார்க் சீரழிந்தது. 1980-ஆம் ஆண்டில் அதைப் பாதுகாக்க நகர மக்கள் ஒரு சங்கம் கண்டார்கள். நன்கொடையும் தொண்டர் உழைப்பும் சேர்ந்து பூங்கா மீண்டும் தழைத்தது. 1998-இல் நகராட்சியே ஒப்பந்தம் எழுதி நிர்வாகத்தை அந்தச் சங்கத்திடம் கொடுத்தது. ஆனால் பூங்காவைச் சுற்றிப் பணக்காரர்கள் வசித்ததால்தான் அத்தனை நன்கொடை வந்தது. ஏழைகள் வாழும் பகுதிகளின் பூங்காக்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை என்ற குறை அங்கே இன்றும் பேசப்படுகிறது.

ஆகவே தொண்டர் குழு நகராட்சிக்குப் பதிலாக வரக் கூடாது. அதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கூலிக்கு உரிய வேலையைக் கூலி கொடுத்துத்தான் செய்ய வேண்டும். குழாய் உடைந்தால், விளக்கு எரியாவிட்டால், ஊஞ்சல் முறிந்தால், தேதி போட்டு மனு எழுதி, நகராட்சி மன்றத்தில் கொடுத்துப் பெற்றுக் கொண்டதற்குக் கையெழுத்து வாங்குவது குழுவின் முதல் கடமை. குமாஸ்தாக்களுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. தனி மனிதர் சொல்லும் புகாரைத் தட்டிக் கழிக்கலாம். தெருவே கையெழுத்துப் போட்ட மனுவை அப்படிச் செய்வது கடினம்.

தொடங்குவது எப்படி?

முதலில் வேண்டியது எழுத்து மூலமான அனுமதி. நிலம் நகராட்சியுடையதா, பொதுப்பணித் துறையுடையதா, வனத்துறையுடையதா என்று விசாரித்து, உரிய இடத்தில் மனுச் செய்ய வேண்டும். வாய்மொழி அனுமதி அதிகாரி மாற்றலாகும் நாளோடு போய்விடும்.

அடுத்து, சின்ன வேலையாகப் பிடிக்க வேண்டும். பூங்கா முழுவதையும் சீர்திருத்தப் புறப்படாமல், ஒரு மூலையை மட்டும் சுத்தம் செய்து, அதை மூன்று மாதம் அப்படியே வைத்திருந்தால் போதும். அந்த மூலையைப் பார்த்தே பத்துப் பேர் சேருவார்கள்.

வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் என்று நிச்சயிக்க வேண்டும். ஞாயிறு காலை 6 மணி என்றால், மூன்று பேர் வந்தாலும் 6 மணிக்கு வேலை தொடங்க வேண்டும். 7 மணிக்கு முடிக்கவும் வேண்டும். முடிகிற நேரம் தெரியாத வேலைக்கு ஷிப்ட் பார்க்கிற தொழிலாளி வரமாட்டார்.

அந்தமானில் பருவம் அறிந்து நடுவது மிக முக்கியம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லி மீட்டர் மழை பெய்யும் பூமி இது. ஆயினும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறட்சிதான். தனிகாரி அணையில் நீர் இறங்கிவிட்டால் வீட்டுக் குழாயிலேயே சில நாட்களுக்கு ஒரு முறைதான் தண்ணீர். அப்போது செடிக்கு யார் ஊற்றுவது? குடியரசு தினத்தன்று கன்று நட்டுப் படம் எடுத்தால், தமிழ்ப் புத்தாண்டுக்குள் அது குச்சியாகிவிடும். தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் நட்டால், டிசம்பர் வரை வானமே தண்ணீர் ஊற்றும். நடுவதும் இந்த மண்ணுக்குரிய படாக்கு போன்ற மரமாக இருக்கட்டும். வறட்சி மாதங்களைக் குப்பை அகற்றவும், பெஞ்சுக்கு வர்ணம் பூசவும் வைத்துக் கொள்ளலாம். மழை மாதங்களில் தேங்காய் மட்டையிலும் பிளாஸ்டிக் டம்ளரிலும் தேங்கும் நீரைக் கவிழ்த்துவிட வேண்டும். கொசு வளர்வது அங்கேதான்.

மண்வெட்டி, களைக்கொத்து, கூடை, வாளி, துடைப்பம்: இவை போதும். இருப்பை ஒரு நோட்டில் எழுதி ஒருவர் பொறுப்பில் வைக்க வேண்டும். வசூலைக் குறைத்துக் கொள்வது நல்லது. பணம் சேரச் சேரச் சண்டையும் சேரும். வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கை மாதம் ஒரு முறை பூங்கா வாசலிலேயே ஒட்ட வேண்டும். செயலாளர் பதவி ஆண்டுக்கு ஒருவருக்கு மாறட்டும்.

பலகையில் என்ன பெயர்?

குழு கலைவதற்குப் பணத்தை விடப் பெரிய காரணம் பெயர்ப் பலகை. யார் தலைவர், பெஞ்சில் யார் பெயர், என்ன மொழி என்று தகராறு தொடங்கும். தமிழுக்குச் சங்கம் இருக்கிறது. கோயிலுக்குக் கமிட்டி இருக்கிறது. பூங்காக் குழு தெருவுக்கு உரியதாகவே இருக்கட்டும். பெயரும் தெருவின் பெயராகவே இருக்கட்டும். தமிழரும் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் ராஞ்சிக்காரரும் ஒரே வரிசையில் மண்வெட்டி பிடித்தால், அந்தப் பலகையை யாரும் பிடுங்க மாட்டார்கள். நாளை ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் தேவைப்பட்டாலும், வாடகை வீட்டில் தொல்லை வந்தாலும், அந்த வரிசையில் நின்றவர்கள் ஓடி வருவார்கள். அந்நிய மண்ணில் இதை விடப் பெரிய பாதுகாப்பு என்ன இருக்கிறது?

1858 மார்ச் 10-ஆம் தேதி டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு இங்கே வந்து இறங்கினார். இந்த நகரம் எழுவதற்காகக் காட்டை வெட்டி வெளி உண்டாக்கியவர்கள் அந்தக் கைதிகளும், அவர்களுக்குப் பின் வந்தவர்களும்தான். சாட்டைக்குப் பயந்து, காலில் விலங்கோடு உழைத்தார்கள். பலர் இந்த மண்ணிலேயே மடிந்தார்கள். அவர்களுக்கு விருப்பம் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அதே மண்ணில் இன்று வாரத்துக்கு ஒரு மணி நேரம் மனமுவந்து குனிந்து வேலை செய்ய முடிகிறது என்றால், அது சுதந்திரம் தந்த வாய்ப்பு. அடுத்த மழைக்கு முன் ஒரு தெரு இதற்கு முன்வந்தால் போதும். மற்றத் தெருக்கள் தாமாகவே பின்தொடரும்.