அறிவுக்கும் சுங்கச் சாவடியா?

சூத்திரன் வேதத்தைக் கேட்டுவிட்டால் அவன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றவேண்டுமென்று கௌதம தர்ம சூத்திரம் விதித்தது. இன்று ஈயம் காய்ச்சுகிறவர்கள் இல்லை. காசு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சர்வகலாசாலைகளின் விஞ்ஞான ஆராய்ச்சி பெரும்பாலும் குடிகளின் வரிப்பணத்தில்தான் நடக்கிறது. அதைக் கட்டுரையாக எழுதும் பேராசிரியருக்கும் சரி, தப்பா சரியா என்று பரிசீலிக்கும் பேராசிரியருக்கும் சரி, பத்திரிகைக் கம்பெனி பொதுவாக ஒரு காசும் கொடுப்பதில்லை. ஆனால் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, அவர்களுடைய சர்வகலாசாலைக்கே அதை விற்கிறது! நெல் விளைத்தவன் தன் நெல்லையே தரகனிடம் விலைக்கு வாங்கும் இந்த அக்கிரமத்திற்கு வியாபாரம் என்று பெயராம்.

இதனால் என்ன கேடு என்பீர்களானால், ஆப்பிரிக்காவின் லைபீரியாவைப் பாருங்கள். 2014-ல் எபோலா நோய் அங்கே பரவியபோது, அது அந்நாட்டிற்கே புதிது என்று நினைத்தார்கள். ஆனால் லைபீரியாவும் எபோலா உள்ள பிரதேசமே என்று ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் 1982-லேயே அச்சிட்டிருந்தார்கள்! அத்தகைய கட்டுரை ஒன்றை வாங்க 45 டாலர், அதாவது அங்குள்ள டாக்டரின் அரை வாரச் சம்பளம் ஆகுமென்று அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகளே 2015-ல் எழுதினார்கள். விலை ஒன்றே காரணமென்று நாம் சொல்லவரவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் அந்நோயால் மாண்டவர்கள் 11,000 பேருக்கு மேல்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்க விடவேண்டுமென்று 2002-ல் புடாபெஸ்ட் பிரகடனம் வெளிவந்தது. கம்பெனிகள் என்ன செய்தன? பலவும் வாசகனை விட்டு, எழுதுகிறவன் மடியில் கை வைத்தன. 'நேச்சர்' பத்திரிகை 2020-ல் அறிவித்த கட்டணம் கட்டுரைக்கு 9,500 யூரோ. கோயில் வாசலில் வாங்கிய தட்சணையைக் குளக்கரையில் வாங்கினால் அது தட்சணையில்லை என்றாகிவிடுமா?

நம் இந்திய சர்க்காரோ, கல்லூரிகளுக்காக இப்பத்திரிகைகளை வாங்க 3 வருஷத்திற்கு 6,000 கோடி ரூபாயை 2024-ல் ஒதுக்கிற்று. கல்லூரிக்கு வெளியே நிற்கும், வரி கொடுத்த குடியானவனுக்கு அதில் இடமில்லை.

காசு கொடுத்தால்தான் உலகம் படிக்கும் என்பது புளுகு. பௌதிக ஆராய்ச்சியாளர்கள் 1991 முதல் 'ஆர்க்கைவ்' என்ற களஞ்சியத்தில் தங்கள் பிரதிகளைக் கட்டணமின்றி வைத்து வருகிறார்கள். 2015-ல் 'லிங்குவா' என்ற மொழியியல் பத்திரிகையின் ஆசிரியர்கள் எல்செவியர் கம்பெனியிடம் ராஜினாமாக் கொடுத்துவிட்டு, 'குளோசா' என்று சொந்தமாகவே ஆரம்பித்தார்கள். இவ்வளவு தூரம் போகாதவர்களுக்கும் வழியுண்டு. ஏற்கப்பட்ட கட்டுரையின் சொந்தப் பிரதியைச் சர்வகலாசாலைக் களஞ்சியத்தில் வைக்க, சில மாதம் கழித்தாவது, பல பத்திரிகைகள் சம்மதிக்கின்றன. அது ஒப்பந்தத் தாளிலேயே இருக்கும். ஊருக்கெல்லாம் படிப்புச் சொல்லும் நம் பேராசிரியர்களில் எத்தனை பேர், கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளைப் படித்திருக்கிறார்கள்?