ஆர்ச்சைத் தாண்டினால் லத்தீன்!

பி.காம். படித்தவனுக்கு எல்லாம் மறந்துபோகும். பேலன்ஸ் ஷீட்டில் சொத்து எந்தப் பக்கம், கடன் எந்தப் பக்கம் என்பதுகூட ஒரு கட்டத்தில் கலங்கிவிடும். ஆனால் மெர்கன்டைல் லா பேப்பருக்காக உருப்போட்ட லத்தீன் மட்டும் கடைசிவரை கூடவே வரும். நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் 'கேவியட் எம்ப்டார்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

அந்த லத்தீனில் எனக்குப் பிடித்தவை, எதிர்த்து ஒன்றும் செய்ய முடியாத வார்த்தைகள். மறுக்க முடியாதது, ஜெயிக்க முடியாதது - இந்த மாதிரி சமாசாரங்களுக்கென்றே ரோமானியர்கள் தனி அலமாரி வைத்திருந்தார்கள்.

முதலில் 'இன்விக்டஸ்'. தோற்கடிக்கப்படாதவன் என்று அர்த்தம். இதுவே சம்ஸ்கிருதத்தில் 'அஜித்'. (முதல் நாள் முதல் ஷோ ரசிகர்கள் இங்கே விசிலடிக்கலாம்!) ரோமில் இந்தப் பட்டம் சூரியனுக்குப் போனது. கி.பி. 274-ல் அவுரேலியன் என்ற சக்கரவர்த்தி, 'தோல்வி காணாத சூரியன்' என்று கோயிலே கட்டினார். மறு வருஷம் அவருடைய ஆட்களே அவரைத் தீர்த்துக்கட்டிவிட்டார்கள். சூரியனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கோட்டைக்குத் தனி வார்த்தை: 'இன்எக்ஸ்பக்னாபிலிஸ்'. பிடிக்கவே முடியாதது. எங்கள் தென்காசிப் பக்கம் இதற்கு ஆளும் உண்டு, ஊரும் உண்டு. 1755-ல் கர்னல் ஹெரான் படையோடு வந்து பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போனார். ஆனால் 1767-ல் கர்னல் கேம்பெல் வந்தபோது வாசுதேவநல்லூர்க் கோட்டை விழுந்துவிட்டது. ஆக, கோட்டைக்கு 'வெல்ல முடியாதது' என்றால், 'இன்றைக்கு முடியாது' என்று பொருள்.

கல்லும் மண்ணும் விழும். வாய்ப் பேச்சு விழவே விழாது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி ஒருவரிடம் பேசிப் பாருங்கள்.

''ஏழு நாள் தேய்ச்சுக் குளிச்சா எந்த வாதமும் ஓடிப்போவும்லா!''

''குளிச்சேன், போகலையே?''

''சாயங்காலம் குளிச்சிருப்பிய. காலையில குளிக்கணும்லா!''

''காலையிலதான் குளிச்சேன்.''

''அப்ப ஐந்தருவியில குளிச்சிருப்பிய!''

இவரைச் சுப்ரீம் கோர்ட்டிலும் ஜெயிக்க முடியாது. 'பிரானூர் பார்டர் புரோட்டாவுக்கு ஈடு உலகத்தில் இல்லை' என்கிற ஊர்த் தீர்ப்பும் இதே ரகம். எதிர்ச்சாட்சிக்கே அனுமதி கிடையாது.

சிரிக்காதீர்கள். எதிர்ச்சாட்சிக்கு அனுமதி கிடையாது என்பது நிஜமாகவே சட்டத்தில் உண்டு. லத்தீனில் 'யூரிஸ் எட் டே யூரே' என்பார்கள். 1872-ம் வருஷத்து சாட்சியச் சட்டம் இதை 'முடிவான நிரூபணம்' என்றது. ஒன்றை நிரூபித்துவிட்டால் இன்னொன்றும் நிரூபணமானதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும்; அதைப் பொய்யென்று காட்ட சாட்சியை உள்ளேயே விடாது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டம் போய் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துவிட்டது. பெயர்தான் மாறியது, இந்த விதி அப்படியே இருக்கிறது.

பி.காம்.காரர்களுக்கு இதில் ஒரு ஃபேமஸ் கேஸ் உண்டு: ஜூபிளி காட்டன் மில்ஸ். கம்பெனிப் பதிவாளர் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டது ஜனவரி 8. தேதி போட்டதோ ஜனவரி 6. அந்த 6-ம் தேதியே கம்பெனி ஷேர் ஒதுக்கிவிட்டது. 'பிறக்காத கம்பெனி எப்படி ஷேர் கொடுக்கும்?' என்று வழக்கு. 1924-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சொன்னது: சர்டிபிகேட்டில் 6 என்று இருந்தால் 6-ம் தேதிதான் பிறந்தது. முடிந்தது கதை! ஆபீஸில் முன்தேதி போட்டு லீவ் லெட்டர் எழுதுகிறவர்கள் இதை மேனேஜரிடம் மேற்கோள் காட்ட வேண்டாம். அவர் பதிவாளர் இல்லை.

கவனித்தீர்களா? சட்டம் இந்த அந்தஸ்தை எல்லாவற்றுக்கும் வாரிக் கொடுப்பதில்லை. ஏழு வயசுக்குட்பட்ட குழந்தை செய்தது எதுவும் குற்றமாகாது என்பது போல விரல்விட்டு எண்ணுகிற சில விஷயங்களுக்குத்தான். மீதி எல்லாமே 'நிரூபித்தால் மாற்றிக்கொள்கிறோம்' வகை.

இதே கஞ்சத்தனம் அலமாரியின் கடைசி வார்த்தையிலும் உண்டு. அது 'விஸ் மேஜர்'. மனுஷ சக்தியை மீறிய சக்தி. இதைக் கிரேக்கர்கள் கடவுளின் பலம் என்று சொல்வதாக கேயஸ் என்ற ரோமானிய சட்ட நிபுணர் குறித்து வைத்திருக்கிறார். இங்கிலீஷ்காரர்கள் 'ஆக்ட் ஆஃப் காட்' என்றார்கள். நாம் 'எல்லாம் அவன் செயல்' என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுகிறோம்.

கோர்ட் அப்படிப் போவதில்லை. இரண்டு மழை வழக்குகளைப் பாருங்கள்.

ஒன்று, 1876, இங்கிலாந்து. மார்ஸ்லண்ட் என்ற அம்மையாரின் தோட்டத்துச் செயற்கைக் குளங்கள் உடைந்து, நாலு பாலங்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஊரில் யாருக்கும் ஞாபகத்தில் இல்லாத அளவு மழை. அம்மையார் பேரில் தப்பில்லை, விஸ் மேஜர்தான் என்று தீர்ப்பு.

இன்னொன்று, 1958, மத்தியப் பிரதேசம். மழையில் ஒரு கட்டடத்தின் சுவர் விழுந்து இரண்டு குழந்தைகள் செத்துப்போனார்கள். 'அன்றைக்கு 2.66 அங்குல மழை, கடவுள் செயல்' என்றார் சொந்தக்காரர். ஹைகோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை. மழைக்காலத்தில் அவ்வளவு மழை எதிர்பார்க்கக்கூடியதுதானே? சுவரை அதற்குத் தகுந்த மாதிரி வைத்திருக்க வேண்டியது உன் வேலை என்றுவிட்டது.

வித்தியாசம் தண்ணீரின் பலத்தில் மட்டும் இல்லை. வரும் என்று தெரிந்திருக்க முடியுமா என்பதில் இருக்கிறது.

இதை மனசில் வைத்துக்கொண்டு பழைய குற்றாலத்துக்கு வாருங்கள். 2024 மே 17. சீசன்கூட ஆரம்பிக்கவில்லை, கோடை மழைக்குக் கொட்டிய தண்ணீரில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று வெள்ளம். அலறியடித்து ஓடினார்கள். ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் மட்டும் வரவில்லை.

இதை எந்த வார்த்தையில் எழுதுவது? வந்த வெள்ளத்தை எந்த மனுஷனும் கையால் நிறுத்த முடியாது, நிஜம். ஆனால் மலைக்குள் மழை பெய்தால் அருவிக்கு வெள்ளம் வரும் என்பது அகத்தியர் காலத்திலிருந்து எங்கள் ஊருக்குத் தெரியும். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்யும் என்பதும் தெரியும். தெரிந்த விஷயத்துக்கு லத்தீன் பட்டம் கொடுத்தால் யாருமே பொறுப்பில்லை என்று ஆகிவிடும். சங்கிலி, சைரன், காவல், மலையிலிருந்து வரவேண்டிய தகவல் - இது எதையும் பற்றி யாரும் கேள்வி கேட்க முடியாது. அந்தப் பையனைப் பெற்றவர்களிடம் போய் 'விதி' என்று சொல்வதும், எண்ணெய் அண்ணாச்சியின் வாதமும் ஒன்றுதான். பொய்யென்று காட்டவே முடியாது; அதனாலேயே அடுத்த சீசனுக்கு உபயோகமும் கிடையாது.

பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு இருக்கிறது. எல்லோரும் 'ஆர்ச்' என்போம். தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. விஸ் மேஜரைப் பற்றிச் சட்டப் புஸ்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை அந்த ஆர்ச் ஒரே கோட்டில் சொல்லிவிடுகிறது: இந்தப் பக்கம் நம் பொறுப்பு, அந்தப் பக்கம் நம்மால் ஆகாது.

ஆடியில் ஆபீஸுக்கு லீவ் போட்டுவிட்டு வேன் பிடித்து வரும் நண்பர்களே, வாருங்கள். சாரலில் நனையுங்கள், புரோட்டா சாப்பிடுங்கள். தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தால், சத்தம் மாறினால், போலீஸ்காரர் விசில் ஊதும்வரை காத்திருக்காமல் வெளியே வந்துவிடுங்கள். ''இன்னும் ரெண்டு நிமிஷம் சார்'' என்று அவரிடம் வாதாடினால் நீங்கள் ஜெயிக்கக்கூடும். அருவியிடம் அப்பீல் கிடையாது.