குணமா, சூழ்நிலையா?

நல்ல சமாரியன் உவமையை அறியாத மாணவி நம் பள்ளியில் இல்லை. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பிலும் ஏனையோர் நன்னெறி வகுப்பிலும் அதைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குப் போகும் வழியில் கள்வர் கையில் அகப்பட்டு, குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் குரு விலகிப் போனார். லேவியரும் விலகிப் போனார். கதையைக் கேட்டு முடித்ததும் நாம் ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்: முன்னிருவரும் கல்நெஞ்சர், சமாரியன் இளகிய மனத்தவன். ஒருவர் செய்ததற்கும் செய்யாததற்கும் காரணம் அவருடைய குணமே என்பது நம் துணிபு. சமூக உளவியல் என்னும் துறை இந்தத் துணிபைத்தான் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில் ஓர் இறையியல் கல்லூரி உண்டு. சமய ஊழியத்திற்கென்று இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் இடம் அது. அங்குப் பயின்ற 40 மாணவர்களைக் கொண்டு ஜான் டார்லி, டேனியல் பாட்சன் என்னும் இரு உளவியலார் செய்த ஆய்வு 1973இல் வெளிவந்தது. ஒவ்வொரு மாணவரும் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்திற்குத் தனியே நடந்து சென்று, அங்கே சில நிமிடம் பேச வேண்டும். ஒரு பகுதியினருக்குக் கொடுத்த தலைப்பு, கல்லூரியில் பயின்றோர்க்கு ஏற்ற வேலைகள் எவை என்பது. மற்றப் பகுதியினருக்குக் கொடுத்த தலைப்பு, வேறெதுவுமில்லை, நல்ல சமாரியன் உவமையேதான்!

வழியில் ஒரு சந்து. அதில் ஒரு வாசற்படியோரம் ஒருவர் தலை கவிழ்ந்து, கண்மூடிச் சரிந்து கிடக்கிறார், இருமுகிறார், முனகுகிறார். ஆய்வாளர்களே ஏற்பாடு செய்த நடிப்பு அது. ஆனால் கடந்து போகிறவருக்கு அது தெரியாது. புறப்படுமுன் சிலரிடம் "இன்னும் நேரமிருக்கிறது" என்றார்கள். சிலரிடம் "அங்கே எல்லாம் தயார்" என்றார்கள். சிலரிடம் "தாமதமாகிவிட்டது, உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்" என்று விரட்டினார்கள். வேறுபாடு இவ்வளவே.

நேரமிருந்தவர்களில் 100க்கு 63 பேர் நின்று உதவ முன்வந்தனர். நடுத்தர அவசரத்தில் 45 பேர். விரட்டப்பட்டவர்களில் 10 பேர்தான். சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களிலேயே சிலர், கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்துப் போனார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மனத்திலே சுமந்து சென்ற உவமையைவிடக் காதில் விழுந்த அந்த ஒரு வாக்கியத்துக்கே வலிமை மிகுதியாக இருந்தது.

நாற்பதே பேர் என்பதையும் மறக்கக்கூடாது. உவமையைப் பற்றிப் பேசச் சென்றவர்களில் உதவியவர்கள் சற்றுக் கூடுதலாகவே இருந்தார்கள். அந்த வேறுபாட்டைத் துணிந்து ஏற்குமளவுக்கு எண்ணிக்கை போதவில்லை, அவ்வளவுதான். ஆகவே வேதபாடத்தால் பயனில்லை என்று எவரும் அவசரமாக முடிவு கட்ட வேண்டாம். நம் நெஞ்சைத் தொட்டது வேறொரு செய்தி. நில்லாமல் போனவர்கள் சேர வேண்டிய கட்டடத்தை அடைந்தபோது பலர் பதற்றமாகக் காணப்பட்டார்களாம். இரக்கம் இல்லாதவருக்குப் பதற்றம் எதற்கு? ஒரு பக்கம் சந்தில் கிடந்தவர். மறுபக்கம் தமக்காகக் காத்திருந்த ஆய்வாளர். இரண்டு கடமைகளுக்கு நடுவே அகப்பட்டவர்களை நாம் கல்நெஞ்சர் என்று அழைத்துவிடுகிறோம்.

பிறர் செயலுக்குக் காரணம் தேடும்போது சூழ்நிலையைக் குறைத்தும் குணத்தைக் கூட்டியும் மதிப்பிடும் இந்த வழக்கத்தை லீ ராஸ் என்பவர் 1977இல் அடிப்படையான பிழை என்றே பெயரிட்டார். அதே ஆண்டில் அவரும் துணைவர்களும் வெளியிட்ட மற்றோர் ஆய்வு ஆசிரியர்களாகிய நமக்கென்றே செய்தது போலிருக்கிறது. மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் கேட்பவர், மற்றவர் விடை சொல்பவர் என்று சீட்டெடுத்து முடிவு செய்தார்கள். கேட்பவர் தாம் அறிந்தவற்றிலிருந்தே கடினமான பத்துக் கேள்விகளை அமைத்துக் கேட்கலாம். விடை சொல்பவர் திணறாமல் என்ன செய்வார்? முடிவில் யார் அறிவாளி என்று வினவியபோது, பார்த்திருந்தவர்கள் கேட்டவரையே சுட்டினார்கள். திணறியவரும் தம்மையே தாழ்வாக மதிப்பிட்டுக் கொண்டார். கேள்வி கேட்டவர்கள் மட்டும் அவ்வளவாக மயங்கவில்லை. சீட்டு மாறியிருந்தால் இருக்கையும் மாறியிருக்கும் என்பது எவருக்கும் தோன்றவில்லை. கரும்பலகை ஓரமாக நிற்பவர் அறிவாளியாகவும், பெஞ்சின் மேல் நிற்பவள் மந்தமானவளாகவும் தோன்றுவதில் எவ்வளவு பங்கு நின்ற இடத்தைச் சேர்ந்தது?

நிற்க, இது மேல்நாட்டார் குறை என்று சொல்லித் தப்பிக்க இடமுண்டா? ஓரளவுக்கு உண்டு. ஜோன் மில்லர் என்னும் அம்மையார் அமெரிக்காவிலும் நம் அண்டையிலுள்ள மைசூரிலும் ஆய்வு செய்து 1984இல் வெளியிட்டார். தெரிந்தவர் ஒருவர் செய்த நல்லதையும் தவறானதையும் சொல்லச் செய்து, அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டார். அமெரிக்கப் பெரியவர்கள் குணத்தை அதிகமாகக் காரணம் காட்டினர். மைசூர்ப் பெரியவர்கள் உறவு, கடமை, வேளை, இடம் என்று சூழ்நிலையை அதிகமாகக் காட்டினர். எட்டு வயதுப் பிள்ளைகளிடையே அவ்வளவு வேறுபாடில்லை. வயது ஏற ஏறத்தான் அது வளர்ந்தது. அப்படியானால் இது பிறவியிலே வருவதன்று, வளர்ப்பிலே வருவது. வீட்டிலே அண்டை அயலாரைப் பற்றிப் பேசும்போது "அவளுக்கு என்ன கஷ்டமோ" என்று சொல்லத் தெரிந்த நாம், பள்ளியில் முன்னேற்ற அறிக்கையைக் கையிலெடுத்ததும் "கவனமில்லை", "அக்கறையில்லை" என்று ஒரே சொல்லில் எழுதிவிடுவது விந்தையே. பெற்றோரும் அதைப் படித்துவிட்டு அதே சொல்லால் பிள்ளையை அழைக்கிறார்கள்.

எல்லாவற்றையும் சூழ்நிலை மேல் ஏற்றிவிட்டால் குற்றம் செய்தவர் எவரும் தப்பித்துக் கொள்ளலாமே என்று சகோதரிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. விரட்டப்பட்டவர்களிலும் பத்தில் ஒருவர் நின்றாரன்றோ? ஒருவருடைய நடத்தை அவரையும் அவரைச் சூழ்ந்துள்ளவற்றையும் சேர்த்தே பிறக்கிறது என்று குர்ட் லெவின் 1936இலேயே எழுதினார். அந்த ஒருவரை நாம் பாராட்டத்தான் வேண்டும். மற்ற ஒன்பது பேருக்கு அறிவுரை மட்டும் கூறிவிட்டு, விரட்டிய கடிகாரத்தை அப்படியே விட்டுவைப்பதுதான் நமக்கு உடன்பாடில்லை.

நம் கருத்து இதுதான். பிறர்க்கு உதவ வேண்டுமென்று காலை வழிபாட்டில் கற்பிக்கிறோம். அடுத்த ஐந்தாம் நிமிடம் மணி அடிக்கிறது. பிந்தி வருபவள் பெயர் தாமதப் பதிவேட்டில் ஏறுகிறது. படிக்கட்டில் விழுந்த சிறுமியின் முழங்காலைக் கழுவிவிட்டு வருபவளும், அரட்டையடித்துவிட்டு வருபவளும் அந்தப் பதிவேட்டில் ஒன்றே. பெயர், வகுப்பு, நேரம் என்று மூன்றே கட்டங்கள்! நான்காவதாகக் காரணத்துக்கு ஒரு கட்டம் கோடு போட்டால் என்ன? பாடவேளைகளுக்கிடையே இரண்டு நிமிட இடைவெளி விட்டால் இன்னும் நல்லது. பொய்க் காரணம் எழுதும் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதை நாம் அறிவோம். எழுதட்டும். வகுப்பாசிரியை வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால், எந்தப் பேருந்து தினமும் பிந்துகிறது, எந்த வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, எவள் தம்பியைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடிவருகிறாள் என்பதாவது தெரிய வரும்.