பெங்களூரு அணி பெங்களூருவில் ஆடட்டும்

இந்தியக் கூடைப்பந்து சம்மேளனத் தலைவர் திரு. ஆதவ் அர்ஜுனா அவர்களுக்கு,

நான் அல்சூர்க்காரன். பெங்களூரு லீக் ஆட்டங்களில் டேபிளில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதுபவன். முதல் குவார்ட்டருக்கும் மூன்றாவதற்கும் சிவப்பு மை, மற்ற இரண்டுக்கும் நீலம் என்று பேனா மாற்றி மாற்றி எழுதியே என் மாலைகள் பல கழிந்திருக்கின்றன. நீங்களும் கூடைப்பந்து ஆடி வளர்ந்தவர், தமிழர் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். புதிய தொழில்முறை லீக் பற்றிய பேச்சு இப்போது பலமாக இருக்கிறது. அதில் பெங்களூரு பெயரில் ஓர் அணி இருந்தால், அதன் ஆட்டங்களில் பாதியாவது இந்த ஊரில் நடக்க வேண்டும். அந்த அணி பிளே-ஆஃபுக்குப் போனால், அந்த ஆட்டமும் எங்கள் கண்ணெதிரே நடக்க வேண்டும்.

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. 2010-ல் சம்மேளனம் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டபோது, இனி லீக் வந்துவிடும் என்று நம்பிக் காத்திருந்தோம். வரவேயில்லை. 2015-ல் யு.பி.ஏ. என்ற தனியார் லீக் தொடங்கியது. சென்னை ஸ்லாம், பெங்களூரு பீஸ்ட், பஞ்சாப் ஸ்டீலர்ஸ் என்று பெயர்களெல்லாம் எடுப்பாகத்தான் இருந்தன. 2017-க்குப் பிறகு அதுவும் நின்றுபோனது. 2022-ல் ஐ.என்.பி.எல். என்ற லீக் வந்தது. பெங்களூரு கிங்ஸ் என்று ஓர் அணி கிடைத்தது. ஆனால் முதல் மூன்று சுற்றுகள் கொச்சி, ஜெய்ப்பூர், புனே என்று நடந்தன. ஒரு சுற்று என்றால் சில நாள். எல்லா அணிகளும் ஒரே ஊரில் இறங்கி, ஆடிவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். அந்த முதல் கோப்பையை வென்றது சென்னை ஹீட். சென்னையில் எத்தனை வீட்டுக்கு அது தெரியும் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். ஆடிய பையன்கள் மீது ஒரு குறையும் இல்லை. ஊருக்கு அவர்களைக் காட்டாமல் விட்டது நாம்தான்.

கபடியிலும் இந்த ஊர் இதைப் பார்த்தது. பெங்களூரு புல்ஸ் அணியின் சொந்த ஊர் ஆட்டங்கள் 2017-ல் நாக்பூரிலும், 2018-ல் புனேயிலும் நடந்தன. அந்த இரண்டாவது சீசனில்தான் அந்த அணி சாம்பியன் ஆனது. 2019 ஜனவரியில் மும்பையில் இறுதி ஆட்டம். பவன் செராவத் ஒரே ஆளாக 22 புள்ளி எடுத்து குஜராத்தைச் சாய்த்தார். பெங்களூரு பெயரில் வென்ற அணியை அந்த சீசன் முழுக்க பெங்களூருக்காரன் நேரில் பார்க்கவில்லை. காரணம் எதுவாகவும் இருக்கட்டும், ஒரு ஊருக்கு இதைவிடப் பெரிய இழப்பு ஆட்டத்தில் வேறில்லை என்பேன்.

இதற்கு நேர்மாறான காட்சியும் இங்கேயே இருக்கிறது. கண்டீரவா வளாகத்துப் பெரிய மைதானத்தில் பெங்களூரு எஃப்.சி. ஆடுகிறது. 2013-ல் பிறந்த கிளப், முதல் சீசனிலேயே ஐ-லீக்கை வென்றது. மேட்ச் நாளில் மாலை ஐந்து மணிக்கே கஸ்தூர்பா ரோட்டுப் பக்கம் நீலச் சட்டைகள் தெரிய ஆரம்பித்துவிடும். வெஸ்ட் பிளாக்கில் நின்று தொண்டை கிழியக் கத்துகிற பிள்ளைகளில் பாதிப் பேர், எந்த வாரம் எந்த அணி வருகிறது என்பதை வைத்துத்தான் மற்ற வேலைகளைத் திட்டமிடுகிறார்கள். அதே வளாகத்தில், சில அடி தள்ளி, கூடைப்பந்துக்கு ஏற்ற உள்ளரங்கு இருக்கிறது. சுமார் 4,000 பேர் உட்காரலாம். அதற்கென்று ஒரு கூடைப்பந்து அணி இல்லை.

அந்த அரங்கு நிரம்பினால் எப்படி இருக்கும் என்பதை 2017 ஜூலையில் கொஞ்சம் பார்த்தோம். மகளிர் ஆசியக் கோப்பை, பி டிவிஷன் இறுதி ஆட்டம், இந்தியாவும் கஜகஸ்தானும். அன்று எனக்கு டேபிள் வேலை இல்லை, கேலரியில் இருந்தேன். கடைசிக் குவார்ட்டரில் யாரும் சீட்டில் இல்லை. எனக்கு முன்வரிசையில் டிராக் சூட்டோடு நாலைந்து சிறுமிகள். எதிரணி ஃப்ரீ த்ரோ போடும்போதெல்லாம் இரும்புக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் ஒரு காலத்தில் வங்கி அணிக்கு ஆடிய பெரியவர் ஒருவர், நம் பெண்கள் ரீபவுண்டுக்கு எம்பும் ஒவ்வொரு முறையும் தானும் குதிகாலைத் தூக்கினார். 75-73. இரண்டே புள்ளியில் இந்தியா வென்று ஏ டிவிஷனுக்கு ஏறியது. சென்னை அனிதா பால்துரை, புனே ஷிரீன் லிமாயே, கேரளத்தின் ஜீனா என்று அந்த அணியின் பெயர்கள் அந்தச் சிறுமிகளுக்கு மனப்பாடமாகிவிட்டன. அனிதா குழந்தை பெற்ற பிறகு திரும்பி வந்து ஆடியவர் என்பதையும், அன்று வீடு திரும்பும் வழியில் ஒருத்தி சொல்லித்தான் மற்றவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து 2019 செப்டம்பரில் அதே கோப்பை, அதே அரங்கு. எட்டு அணிகளில் நாம் எட்டாவது. 2017-ல் இங்கே ஆஸ்திரேலியாவை ஒரே புள்ளியில் வென்று கோப்பை தூக்கிய ஜப்பான், 2019-லும் இங்கேயே மறுபடி தூக்கியது. அடுத்து டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. அந்த இரண்டு வருட இடைவெளியில் ஜப்பான் பெண்கள் தங்கள் லீக்கில் சீசன் முழுக்க ஆடிக்கொண்டிருந்தார்கள். நம் பெண்களுக்கு முகாம், தேசியப் போட்டி, மறுபடி முகாம். திறமையில் இருந்த தூரத்தைவிட, ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையில் இருந்த தூரம் அதிகம். ஸ்கோர் ஷீட் எழுதுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும்: நான்காவது குவார்ட்டரில் பந்தைத் தவற விடுவது பெரும்பாலும் நெருக்கமான ஆட்டம் ஆடிப் பழகாத கைதான்.

ஜப்பானின் கதையில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. அங்கே ஆண்களுக்கு இரண்டு லீக்குகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நடந்தன. சலித்துப்போன உலகக் கூடைப்பந்து அமைப்பு ஃபிபா, 2014 நவம்பரில் அந்த நாட்டையே இடைநீக்கம் செய்தது. சீர்படுத்த வந்தவர் சபுரோ கவாபுச்சி, ஜப்பான் கால்பந்து லீக்கை உருவாக்கியவர். இரண்டையும் இணைத்து 2016 செப்டம்பரில் பி.லீக் தொடங்கியது. முதல் டிவிஷனில் இடம் வேண்டுமென்றால் 5,000 பேர் உட்காரும் அரங்கு வேண்டும், சொந்த ஊர் ஆட்டங்களில் 80 சதவீதம் அங்கேயே ஆட வேண்டும் என்று விதி வைத்தார்கள். பெரிய கிளப்புகள் முணுமுணுத்தன, விதி தளரவில்லை. அணி யாருடையது என்ற கேள்விக்கு அந்த ஒரு விதி பதில் சொல்லிவிட்டது. நம் சம்மேளனமும் 2015-ல் இரண்டு கோஷ்டிகளாக நின்று, ஃபிபா ஒன்றை அங்கீகரித்த பிறகுதான் மூச்சு விட்டது. ஜப்பான்காரர்கள் தங்கள் சண்டையிலிருந்து லீக்கோடு வெளியே வந்தார்கள்.

பிளே-ஆஃபைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறுகிய போட்டியில் முதலில் பலியாவது அதுதான். ஐந்து நாள் சுற்றில் பாயின்ட் கார்டுக்குக் கணுக்கால் சுளுக்கினால் அந்த அணியின் கதை முடிந்தது. ஐந்து மாத சீசனில் அவன் குணமாகித் திரும்புவான். அவன் இல்லாத நேரத்தில் பெஞ்சில் இருந்த பையன் ஆடக் கற்றுக்கொள்வான். கடைசி மூன்று வாரத்தில் நாலாவது இடத்துக்கு மூன்று அணிகள் முட்டி மோதும். பிறகு அரையிறுதி, மூன்றில் இரண்டு வென்றவர் இறுதிக்கு. முதல் ஆட்டம் சென்னையில், இரண்டாவது இங்கே, தேவைப்பட்டால் மூன்றாவது மேலே முடித்த அணியின் ஊரில். லீக் ஆட்டங்களில் நன்றாக ஆடியதற்குச் சம்பளமே அந்த மூன்றாவது ஆட்டத்தின் இடம்தான். எல்லாம் ஒரே ஊரில் நடந்தால், முதலிடத்துக்கும் நாலாமிடத்துக்கும் என்ன வித்தியாசம்?

சென்னை-பெங்களூரு தொடர் ஒன்று நடந்தால், வந்தே பாரத்தில் காலையில் ஏறுகிறவர் மதியச் சாப்பாட்டுக்கு முன் இங்கே இறங்கிவிடலாம். என் வீட்டிலேயே அப்பா சென்னை பக்கம், மகள் பெங்களூரு பக்கம். இரண்டு மாநிலமும் வேறு எதற்கெல்லாமோ முகம் திருப்பிக்கொண்டிருக்கிறோம். ஒரு நல்ல ஆட்டத்துக்காக எதிரெதிரே உட்கார்ந்து கத்துவது இரண்டு பேருக்கும் நல்லது.

கூட்டம் வருமா என்று உங்களிடம் யாராவது கேட்டால் பெரியகுளத்தைக் காட்டுங்கள். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் மே மாதத்தில் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு மாலையானால் ஊரே வந்து உட்காரும். முன்பின் தெரியாத பஞ்சாப் வீரனுக்குக்கூட இரண்டாம் நாளே அங்கே ரசிகர்கள் சேர்ந்துவிடுவார்கள். கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பைக்கு வரும் கூட்டமும் விளம்பரம் பார்த்து வருவதில்லை. வருடா வருடம் அதே இடத்தில் நடக்கிறது, அவ்வளவுதான்.

வீரர்களின் வேலை விஷயத்தையும் நீங்கள்தான் தீர்க்க வேண்டும். நம் நாட்டில் கூடைப்பந்துக்காரன் சோறு தின்பது ரயில்வேயில், ராணுவத்தில், ஓ.என்.ஜி.சி.யில், வங்கியில். எங்கள் ஊர் விஜயா வங்கி அணி எத்தனை பேருக்கு வாழ்க்கை கொடுத்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2019 ஏப்ரலில் அந்த வங்கி பாங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு லீக்குக்கு வா என்று எந்தப் பையனிடமும் சொல்லாதீர்கள். இதற்கு முன் நின்றுபோன லீக்குகளைப் பார்த்தவர்கள் அவர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீரன், நிறுவனம் தடையில்லாச் சான்று தராததால் ஒரு சீசன் முழுவதையும் மொபைலில் பார்த்தான். நிறுவனங்களோடு சம்மேளனமே நேரடியாக உட்கார்ந்து, சீசன் மாதங்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்று எழுத்தில் வாங்கித் தர வேண்டும். ஒவ்வொரு வீரனும் தனித்தனியாக மேலதிகாரி அறை வாசலில் நிற்பது நியாயமில்லை.

ஊருக்கு ஊர் போய் ஆடினால் செலவு கூடும். பயணம், தங்குமிடம், ஒளிபரப்பு வண்டி, தரை எல்லாம் பெருகும். தெற்கே சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி என்று ரயில் தூரத்தில் இருக்கும் அணிகளை ஒரு பிரிவாக வைத்தால் பாதிச் செலவு அடங்கும். பெண்கள் லீக்கையும் அதே நாளில், அதே அரங்கில், ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால் நடத்துங்கள். தரைக்கும் விளக்குக்கும் ஒரே வாடகைதான்.

கண்டீரவா உள்ளரங்கு மாநில அரசுடையது. கபடிக்கும் பாட்மின்டனுக்கும் வேறு விழாக்களுக்கும் அதன் தேதிகள் வேகமாகப் போய்விடும். அதனால் அட்டவணை போடுவதற்கு முன்பே, மாநில விளையாட்டுத் துறையோடும் கர்நாடகக் கூடைப்பந்து சங்கத்தோடும் பேசி, பிளே-ஆஃப் வாரத்தையும் சேர்த்துத் தேதிகளை எழுதி வாங்கிவிடுங்கள். சங்கத்துக்கும் உங்களுக்கும் பழைய தேர்தல் மனத்தாங்கல் ஏதாவது இருந்தால், அதை இந்தப் பேச்சுக்கு வெளியே வைத்துவிடுங்கள். அணிகளின் பெயரையும் சட்டை நிறத்தையும் அறிவிக்கும் அன்றே, பெங்களூருவில் எத்தனை ஆட்டம், எந்தெந்தத் தேதியில் என்பதையும் அறிவிப்பீர்களா?

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு ஸ்கோரர்