"இதுல புதுசா என்ன இருக்கு?"

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் எல்லாருக்கும் விழும் முதல் கேள்வி இதுதான். இதற்குப் பயந்தே நம்மில் சிலர் பளபளப்பான தலைப்போடு ஒரு ரெடிமேட் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி வருகிறோம். அந்தக் கேள்வியே தப்பு என்கிறேன் நான். என் சாட்சி, இரண்டாம் உலகப்போரில் ஓடிய ஒரு விமான எஞ்சின்.

ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின். 12 சிலிண்டர், 27 லிட்டர். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் இரண்டுக்கும் இதுதான் எஞ்சின். போர் தொடங்கியபோது இதன் திறன் சுமார் 1,000 குதிரைத்திறன். கடைசியாக வந்த வகைகள் 2,000-ஐத் தாண்டின. அதே 12 சிலிண்டர், அதே 27 லிட்டர்! அப்போ அந்த இன்னொரு ஆயிரம் எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் பெட்ரோலிலிருந்து. 87 ஆக்டேன் போய் 100 ஆக்டேன் வந்ததும், நாக்கிங் இல்லாமல் சிலிண்டருக்குள் அதிக அழுத்தத்தில் காற்றைத் திணிக்க முடிந்தது. கொஞ்சம் சூப்பர்சார்ஜரிலிருந்து. 1938-ல் வேலைக்குச் சேர்ந்த ஸ்டான்லி ஹூக்கர் எஞ்சின் ஆள் இல்லை; கணக்கும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் படித்தவர். ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த சூப்பர்சார்ஜரில் காற்று எங்கே வீணாகிறது என்று கணக்குப் போட்டுத் திருத்தினார். அடுத்து, காற்றை இரண்டு கட்டமாக அழுத்திக் குளிரவைத்து அனுப்பும் மெர்லின் 61 வந்தது. 1942-ல் அதைப் பொருத்திய ஸ்பிட்ஃபயர், ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190-க்கு ஈடு கொடுத்தது. உயரம் போனால் மூச்சு வாங்கிய அமெரிக்க மஸ்டாங், அதே குடும்பத்து எஞ்சினை மாட்டியதும் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தொட்டது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் பீட்ரிஸ் ஷில்லிங். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், மெர்லினில் கார்பரேட்டர். ஜெர்மன் விமானி சட்டென்று மூக்கைக் கீழே குத்தி டைவ் அடிப்பார். துரத்தும் ஸ்பிட்ஃபயரும் அப்படியே குத்தினால், கார்பரேட்டருக்குள் பெட்ரோல் மேலே எழும்பி, எஞ்சின் முதலில் பட்டினி கிடக்கும். உடனே பெட்ரோல் வெள்ளமாகப் பாய்ந்து திணறும். ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் இருந்த ஷில்லிங் செய்தது என்ன தெரியுமா? நடுவில் ஓட்டை போட்ட ஒரு சின்ன உலோகத் துண்டு. எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேல் பெட்ரோல் போகாது. 1941-ல் அவரும் குழுவும் விமானத் தளம் தளமாகப் போய் அதை மாட்டினார்கள். முழுத் தீர்வு பின்னால் வந்த கார்பரேட்டர்களில்தான் கிடைத்தது. ஆனால் அதுவரை விமானிகளின் உயிர் அந்த ஓட்டையை நம்பி இருந்தது. ரிவ்யூவில் அதைக் கொண்டுபோய் வைத்தால் எத்தனை மார்க் கிடைக்கும்னு யோசிங்க!

"அப்போ ஜெட் எஞ்சின்? அது புதுசுதானே?" என்பீர்கள். உண்மைதான், எதிர்காலம் அதனுடையதுதான். 1944-ல் போருக்கு வந்த மெஸ்ஸர்ஷ்மிட் 262, மணிக்கு சுமார் 870 கிலோமீட்டர் பறந்தது. ஆனால் நிக்கல், குரோமியம் தட்டுப்பாட்டில் செய்யப்பட்ட அதன் ஜெட் எஞ்சின்கள் 10 முதல் 25 மணி நேரம்தான் தாங்கின. புது யோசனையையும் யாராவது உட்கார்ந்து உழைத்துத் தேற்ற வேண்டியிருக்கிறது.

மெர்லினை வளர்த்தவர்கள், எஞ்சினை முழு வேகத்தில் உடையும்வரை ஓடவிட்டு, உடைந்த பாகத்தைத் திருத்தி, மறுபடி ஓடவிட்டார்கள். வருடக்கணக்காக.

அதனால் ஆசிரியர்களே, கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "எது உடைஞ்சது? ஏன் உடைஞ்சது? நீ என்ன செஞ்ச?" காசுக்கு வாங்கிய ப்ராஜெக்டால் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லவே முடியாது. நண்பர்களே, சீனியர்கள் பாதியில் விட்டுப்போன அந்தப் பம்பையோ ட்ரோனையோ லேபிலிருந்து எடுங்க. பத்து சதவீதம் நல்லா ஓட வைங்க. அதுவும் இன்ஜினியரிங்தான்.