"டிக்... டிக்..." சத்தம் கேட்டால் கணனியை நிறுத்துங்கள்



இம்முறை ஒரே ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றைய கேள்விகளை அனுப்பியோர் பொறுத்தருள வேண்டும். அவற்றுள் பலவற்றுக்கான விடை இதற்குள்ளேயே வந்துவிடும் என்றே நினைக்கிறேன்.

கடிதத்தை எழுதியவர் கிழக்குக் கரையோர ஊரொன்றைச் சேர்ந்த சகோதரி. அவர் எழுதுகிறார்: "மௌலவி, எங்கள் வீட்டுக் கணனி இரண்டு கிழமையாக மெதுவாகத்தான் திறந்தது. இப்போது உள்ளேயிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது. மகன் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்கிறான். பத்துத் தடவைக்கு ஒரு தடவை திறக்கிறது. கடைக்காரர் போர்மட் பண்ணித் தருவதற்கு மூவாயிரம் ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா? மௌத்தான என் உம்மா பேசுகிற வீடியோ ஒன்று அதற்குள் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை."

அவர் கேட்பது மூவாயிரம் ரூபாவைப் பற்றி. ஆனால் கடிதத்தின் விடயம் கடைசி இரண்டு வசனங்களில்தான் இருக்கிறது. தொலைபேசி இலக்கமும் எழுதியிருந்தபடியால் அன்றிரவே அழைத்து, "சுவரிலிருந்து ப்ளக்கைக் கழற்றுங்கள், மகனைத் தொடவிட வேண்டாம், கடைக்கும் கொடுக்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

கணனியைத் திருத்துவது ஒரு வேலை. கணனிக்குள் இருப்பதைக் காப்பாற்றுவது வேறொரு வேலை. போர்மட் பண்ணினால் கணனி திருந்தலாம், உள்ளே இருந்தது போய்விடும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவரிடம் "கணனி வேலை செய்யவில்லை" என்று கொடுத்தால் வேலை செய்ய வைப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். இதை நான் நட்டப்பட்டுப் படித்தவன். பல வருடங்களுக்கு முன்னர் மாணவர்களுக்காக நான் தட்டச்சு செய்து வைத்திருந்த அரபு இலக்கணப் பாடக் குறிப்புகள் முழுவதும் ஒரு பின்னேரத்தில் இப்படித்தான் போயின. கணனியைத் திருப்பித் தரும்போது திருத்தியவர் "புதுசு போல ஆக்கிவிட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். உண்மைதான், புதுசு போல ஒன்றுமே இல்லாமல் இருந்தது. அக்குறிப்புகளை மீண்டும் எழுதி முடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஆனால் உம்மாவின் குரலை மீண்டும் எழுத முடியாதல்லவா?

அந்தச் சத்தம் என்ன? பழைய வகை ஹார்ட் டிஸ்க்குக்குள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் தட்டுகள் இருக்கின்றன. அவை நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழலும். 7200 என்றால் ஒரு செக்கனுக்கு 120 சுற்று. அத்தட்டுக்கு மேலே, சிறு கையொன்றின் நுனியில், வாசிக்கும் தலை மிதந்துகொண்டிருக்கும். தட்டைத் தொடாது, இடைவெளி சில நனோமீற்றர்கள்தான். நமது தலைமயிர் ஒன்றின் தடிப்பு பல பத்தாயிரம் நனோமீற்றர்கள் என்றால், அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தூசி போதும் அதைக் கெடுக்க. தலை தான் தேடும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பித் திரும்பி ஆரம்ப இடத்துக்கு ஓடி வருகின்றபோது எழுவதே "டிக்... டிக்..." சத்தம். பழுதடைந்த தலை தட்டில் உரசத் தொடங்கினால் தட்டின் மேற்பூச்சு சுரண்டுப்பட்டுவிடும். சுரண்டுப்பட்ட இடத்தில் இருந்ததை உலகத்தில் எவராலும் திரும்ப எடுக்க முடியாது. அந்த மகன் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவை ஆளியை அழுத்தும்போதும், தன் உம்மம்மாவின் வீடியோ மீது ஒரு சூதாட்டம் நடத்திக்கொண்டிருந்தான்.

எல்லாக் கோளாறும் டிஸ்க் கோளாறு அல்ல. பயந்து புதிய டிஸ்க் வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துவோரும் இருக்கிறார்கள். எனவே எங்கே பழுது என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

ஆளியை அழுத்தியதும் ஒரு விளக்கும் எரியாவிட்டால், டிஸ்க்கை மறந்துவிடுங்கள். சுவரிலுள்ள ப்ளக்கில் மேசை விளக்கொன்றைக் கொளுவிப் பாருங்கள். பெட்டியின் பின்புறம் பவர் சப்ளையில் ஒரு சிறு ஆளி உண்டு. வீடு கூட்டும்போது அது அணைந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பழைய பவர் சப்ளைகளில் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஆளி ஒன்றும் இருக்கும். நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட். சிறுபிள்ளைகள் அதை 115க்குத் தள்ளிவிட்டால் பெரிய சத்தத்துடன் பவர் சப்ளை கருகிவிடும். பவர் சப்ளையின் பெட்டியை மாத்திரம் ஒருபோதும் திறக்க வேண்டாம். ப்ளக்கைக் கழற்றிய பின்னரும் அதற்குள் உயிர் பறிக்கக்கூடிய மின்சாரம் தேங்கி நிற்கும்.

மின்விசிறி சுழல்கிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால், திரையின் வயரை முதலில் பாருங்கள். அதன் பின்னர் ரெம். நமது கரையோர ஊர்களில் உப்புக் காற்று பித்தளை, செம்பு எதையும் விட்டு வைப்பதில்லை. ரெம்மின் தொடுமுனைகளையும் மங்க வைக்கிறது. ப்ளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, ரெம்மைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை மென்மையான அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் இறுக்கிப் போட்டால், பாதிக் கணனிகள் எழுந்து நிற்பதை நானே கண்டிருக்கிறேன். இதற்குக் கடையில் காசு வாங்குவது குற்றமில்லை, ஆனால் வீட்டிலேயே செய்யலாம்.

கணனியின் திகதி தானாகப் பல வருடங்கள் பின்னோக்கிப் போய்விடுகிறது, இணையத் தளங்கள் பாதுகாப்பற்றவை என்று காட்டுகின்றன என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். வைரஸ் அல்ல. தாய்ப்பலகையில் இருக்கும் சீ.ஆர். 2032 என்ற காசு போன்ற பெற்றறியை மாற்றிவிடுங்கள், போதும். பத்து நிமிடத்தில் தானாக அணைகிறதென்றால் பெரும்பாலும் தூசி; விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி எடுங்கள்.

இனி டிஸ்க்குக்கு வருவோம். கணனி திறக்கிறது, ஆனால் ஒரு கோப்புறையைத் திறக்க நிமிடக்கணக்கில் எடுக்கிறது, இடையில் உறைந்து நிற்கிறது, சில போட்டோக்கள் பாதி சாம்பல் நிறமாகத் தெரிகின்றன என்றால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. ஸ்மார்ட் என்பது அக்குறிப்பின் பெயர். கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருள் அதை வாசித்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம். நிறத்தை மட்டும் பார்த்து நின்றுவிடாமல் மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்ற வரி, கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. சீ5 என்ற வரி, வாசிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் இடங்கள். இவை இரண்டும் நாளுக்கு நாள் கூடினால் அந்த டிஸ்க்கின் காலம் முடிகிறது என்று பொருள். மூன்றாவது சீ7. இந்த எண்ணிக்கை மாத்திரம் கூடுகிறதென்றால் பழுது பெரும்பாலும் டிஸ்க்கில் அல்ல, அதைத் தாய்ப்பலகையுடன் இணைக்கும் சாட்டா வயரில். சில நூறு ரூபா வயர் ஒன்றை மாற்றினால் முடிகிற காரியத்துக்குப் புது டிஸ்க் வாங்க வேண்டியதில்லை.

மஞ்சளோ சிவப்போ கண்டவுடன் பலர் செய்கின்ற காரியம், "செக் டிஸ்க்" என்பதை ஓடவிடுவது. சில வேளை விண்டோஸ் தானாகவே அதை ஆரம்பிக்கும். அப்போது திரையில் செக்கன்கள் எண்ணப்படும் நேரத்துக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி நிறுத்துங்கள். செக் டிஸ்க் நல்ல டிஸ்க்கில் கோப்பு அட்டவணை குழம்பியிருந்தால் அதைச் சீர்செய்யத்தான் இருக்கிறது. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அதை ஓட்டுவது, நெஞ்சுவலிக்காரரை மலையேறச் சொல்வது போன்றது. முழு டிஸ்க்கையும் மணிக்கணக்கில் வாசித்து, எழுதி, சில கோப்புகளைத் துண்டும் துணியுமாக்கிவிடும். முதலில் பிரதி, அதன் பின்னரே பழுது பார்த்தல்.

பிரதி எடுப்பதிலும் ஒழுங்கு உண்டு. பழுதான டிஸ்க்கிலிருந்தே விண்டோஸைத் திறக்காமல், அதைக் கழற்றி இன்னொரு கணனியில் இரண்டாவது டிஸ்க்காகக் கொளுவுங்கள். இன்றியமையாத கோப்புகளை முதலில் எடுங்கள். சினிமாவும் விளையாட்டும் பிறகு. லினக்ஸ் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் டிடி ரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் மிகவும் நல்லது. அது நல்ல இடங்களையெல்லாம் முதலில் வேகமாக எடுத்துவிட்டு, வாசிக்க மறுக்கும் இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். எதுவரை எடுத்தோம் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளும். எனவே இடையில் நிறுத்தி, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டெஸ்ட் டிஸ்க், போட்டோ ரெக் ஆகிய இரண்டும் அழிந்த பகுதிகளையும் படங்களையும் தேடி எடுப்பவை. அவற்றை அந்தப் பிரதியின் மீதே ஓட்டுங்கள். மீட்ட கோப்பை அதே பழைய டிஸ்க்கில் மட்டும் சேமிக்காதீர்கள். மீட்க வேண்டியதன் மேலேயே எழுதிவிடுவீர்கள்.

சத்தம் நிற்காமல் வருகிறது, கணனி டிஸ்க்கையே காட்டவில்லை என்றால் இவை எதுவும் வேண்டாம். தூசியற்ற அறையில் டிஸ்க்கைத் திறந்து தலையை மாற்றக்கூடிய நிபுணர்கள் இருக்கிறார்கள்; கட்டணம் அதிகம். வீட்டு மேசையில் டிஸ்க்கின் மூடியைத் திறப்பது, குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது, தட்டிப் பார்ப்பது எல்லாம் கதைகள். பெட்டியிலிருந்து எடுத்ததும் உள்ளே நீர் வேர்க்கும், அத்துடன் சரி.

எஸ்.எஸ்.டி. பற்றியும் ஒரு வார்த்தை. மெதுவான பழைய கணனிக்கு எஸ்.எஸ்.டி. போடுவது நல்ல காரியம். புதுக் கணனி வாங்கும் செலவு பலருக்கு மிஞ்சும். ஆனால் அதில் சுழலும் தட்டு இல்லாததால் டிக் டிக் என்று முன்னறிவித்தலும் இல்லை. நேற்று வேலை செய்தது, இன்று காணாமல் போகலாம். பழைய டிஸ்க்கில் தவறுதலாக அழித்த கோப்பை, மேலே வேறொன்று எழுதப்படும் வரை பெரும்பாலும் மீட்கலாம். எஸ்.எஸ்.டி.யிலோ அழித்த இடத்தை அது தானாகவே துடைத்து வைத்துவிடுகிறது.

டிஸ்க்குகள் சாவதற்கு வயது ஒரு காரணம் என்றால், நமது நாட்டில் மின்சாரம் இன்னொரு காரணம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் போவதை விடத் திரும்பி வரும் கணமே ஆபத்தானது. மின்வெட்டு வந்தால் ப்ளக்கைக் கழற்றுங்கள். மின்சாரம் வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். சிறிய யூ.பீ.எஸ். ஒன்று இருந்தால் வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைக்க நேரம் கிடைக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால் யூ.பீ.எஸ்.ஸை நம்பியிருக்க வேண்டாம். மின் வயரோடு இணைய வயரையும் கழற்றுங்கள். மின்னல் அவ்வழியாகவும் வரும்.

பிரதிகள் எத்தனை வேண்டும்? கணனியில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று. வேறு வீடு என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26இல் கரையோரத்தில் எத்தனை குடும்பங்களின் அல்பங்கள் ஒரு காலைப் பொழுதில் போயின என்பது இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்டியில் தாத்தா இருந்தால் ஒரு டிஸ்க் அங்கே இருக்கட்டும். அவருடையது உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

சகோதரியின் விடயத்தை முடித்துவிடுகிறேன். நிபுணரிடம் கொடுப்பதே சரி என்றேன். அக்கட்டணத்துக்கு வசதியில்லை என்றார். டிஸ்க் இடைக்கிடையாவது திறந்தபடியால், அவருடைய தம்பி அதைக் கழற்றி, கணனி படித்த நண்பர் ஒருவரின் வீட்டில் டிடி ரெஸ்கியூ மூலம் இரண்டு இரவுகள் பிரதி எடுத்திருக்கிறார். இரண்டாம் இரவு முடிவில் டிஸ்க் முற்றாக நின்றுவிட்டது. போட்டோக்களில் கொஞ்சம் போய்விட்டன. வீடியோ இருக்கிறது. ஓரிடத்தில் படம் சில செக்கன்கள் உறைந்து நிற்கிறதாம், குரல் மட்டும் தொடர்ந்து கேட்கிறதாம். "அந்த இடத்தில் உம்மா என்னைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறா" என்று தொலைபேசியில் சொன்னார்.

மூவாயிரம் ரூபாவுடன் இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு வெளி டிஸ்க் வாங்கியிருக்கிறார்கள். சகோதரர்கள் மூவருக்கும் ஒவ்வொரு பிரதி போயிருக்கிறது. மகன் இப்போது கிறிஸ்டல் டிஸ்க் இன்போவைத் தினமும் திறந்து பார்க்கிறானாம். மாதம் ஒரு தடவை போதும் என்று சொல்லியிருக்கிறேன்.